பழைய அமெரிக்க டோபோ ஷீட்டுங்க: புதுசா வர்ற பசங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

நான் சென்னைல ஒரு மேப்பிங் கம்பெனில பதினோரு வருஷமா வேலை பாக்குறேன். எங்க டீமுக்கு வர்றது பெரும்பாலும் அமெரிக்காவோட மேற்குப் பக்கம், அதாவது அரிசோனா, நியூ மெக்ஸிகோ, கொலராடோ, யூட்டா மாதிரி இடங்களோட பழைய டோபோ ஷீட்டுங்க. பாதி காடு, பாதி ராஞ்ச், அதாவது ஆயிரக்கணக்கான ஏக்கர்ல மாடு மேயுற பெரிய பண்ணைங்க. ஸ்கேன் பண்ணின ஷீட்ட எடுத்து ஜியோரெஃபரன்ஸ் பண்ணி, அதாவது பூமில அது இருக்குற நெஜ எடத்துல உக்கார வெச்சு, கோடு கோடா டிஜிட்டைஸ் பண்றது, அதாவது கம்ப்யூட்டர்ல வரைஞ்சு ஏத்துறது தான் வேலை. ஒவ்வொரு பேட்ச்லயும் புதுசா சேர்றவங்க ஒரே சந்தேகத்த தான் கேக்குறாங்க, அதனால எல்லாத்தையும் அவங்க கேட்ட மாதிரியே எழுதி ஒரே இடத்துல வெக்கிறேன்.

டோபோ மேப்னா என்னக்கா? கூகுள் மேப்ஸ் மாதிரி தானே?

கூகுள் மேப்ஸ் உன்ன ஒரு இடத்துக்கு கொண்டு போய் விடுறதுக்கு. டோபோ மேப் அந்த தரை எப்படி இருக்குன்னு சொல்றதுக்கு. எங்க ஏறுது, எங்க இறங்குது, எந்தப் பள்ளத்துல தண்ணி ஓடும், எந்தப் பக்கம் குதிரைய ஓட்டிட்டு ஏறலாம், எந்தப் பக்கம் ஏறவே முடியாது, இதெல்லாம் தட்டையான ஒரு பேப்பர்ல தெரியணும். அதுக்கு தான் கான்டூர் கோடு. ஒரே உயரத்துல இருக்குற எல்லா இடத்தையும் தொட்டுட்டு போற கோடு அது. கோடு நெருக்கமா இருந்தா செங்குத்து, விலகி இருந்தா சமதரை. ஓடைய தாண்டும்போது கோடு ‘வி’ மாதிரி மடங்கும், அந்த முனை எப்பவும் மேட்டுப் பக்கம், அதாவது தண்ணி வர்ற பக்கம் பாத்து நிக்கும்.

ஏரி வத்துனதும் கரையோரமா வரி வரியா தண்ணி நின்ன தடம் தெரியும்ல, ஒவ்வொரு தடமும் ஒரு கான்டூர்னு நெனச்சுக்கோ, அதுக்கப்புறம் மறக்காது.

இத யாரு போட ஆரம்பிச்சாங்க?

யுஎஸ்ஜிஎஸ், அதாவது அமெரிக்க அரசாங்கத்தோட ஜியாலஜிக்கல் சர்வே, 1879 மார்ச்ல ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி மேற்குப் பக்கத்துல கிங், ஹேடன், பவல், வீலர்னு நாலு பேர் தனித்தனியா சர்வே நடத்திட்டு இருந்தாங்க, சில இடத்த ரெண்டு டீம் அளந்துச்சு, சில இடத்த யாருமே அளக்கல. அதனால எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டாங்க. முதல் டைரக்டர் கிளாரன்ஸ் கிங், 1881லேருந்து ஜான் வெஸ்லி பவல். உள்நாட்டுப் போர்ல ஒரு கைய இழந்தவர், அந்த நெலமையில 1869ல கொலராடோ நதில படகு விட்டு கிராண்ட் கேன்யன் முழுக்க தாண்டினவர். நாடு முழுக்க ஒரே முறைல டோபோ மேப் போடணும்னு 1884ல காங்கிரஸ்கிட்ட, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துகிட்ட அனுமதி கேட்டு வாங்குனது இவர் தான். அந்த மேப் வேலைய முன்னாடி நின்னு நடத்துனவர் ஹென்றி கானெட்.

ஆளே இல்லாத காட்டுக்கும் மாடு மேயுற மேட்டுக்கும் எதுக்கு இவ்ளோ செலவு பண்ணி மேப் போட்டாங்க?

ரெண்டு காரணம், தண்ணி, மரம். மேற்குல மழை ரொம்ப கம்மி, எந்தப் பள்ளத்துல அணை கட்டலாம், தண்ணிய எங்க திருப்பலாம்னு தெரியணும்னா உயரம் தெரிஞ்சே ஆகணும். பவல் இதுல ரொம்ப பிடிவாதமா இருந்தார், 1888ல பாசன சர்வேன்னு தனியாவே ஒண்ணு ஆரம்பிச்சாங்க.

மரம் விஷயம் அப்புறம் வந்தது. 1891ல வந்த ஒரு சட்டத்துல ஜனாதிபதி காடுகள ஒதுக்கி வெக்கலாம்னு ஆச்சு. வாஷிங்டன்ல உக்காந்து ஒதுக்கிட்டாங்க, உள்ள என்ன இருக்கு, எல்லை எங்க போகுதுன்னு சரியான கணக்கு இல்ல. 1897 ஜூன்ல இன்னொரு சட்டம், அந்தக் காடுகள சர்வே பண்ண யுஎஸ்ஜிஎஸ்க்கு 150,000 டாலர் ஒதுக்குச்சு, அந்தக் காலத்துல அது பெரிய காசு. கானெட் பொறுப்புல போன ஆளுங்க தரைய மட்டும் அளக்கல, எங்க எவ்ளோ மரம் நிக்குது, எங்க எரிஞ்சு போச்சு, எங்க ஆடு மாடு மேஞ்சு மொட்டையாச்சுன்னும் எழுதினாங்க. அந்த காலத்து காட்டு ஷீட்டும் ரிப்போர்ட்டும் உனக்கு கெடச்சா கொஞ்சம் நிதானமா பாரு, நூத்தி இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அந்தக் காடு எப்படி இருந்துச்சுன்னு நேர்ல போய் பாத்து எழுதி வெச்ச ஆதாரம் அது.

சாட்டிலைட் இல்ல, ப்ளேன் இல்ல, எப்படிக்கா போட்டாங்க?

பிளேன் டேபிள். மூணு கால் ஸ்டாண்டு மேல ஒரு ட்ராயிங் போர்டு, அதுல பேப்பர். போர்டு மேல அலிடேடுன்னு ஒரு கருவி, டெலஸ்கோப் வெச்ச ஸ்கேல்னு சொல்லலாம். ஏற்கனவே இடம் தெரிஞ்ச ஒரு உச்சில போர்ட வெச்சு மட்டம் பாத்து திசை சரி பண்ணிட்டு, தூரத்துல தெரியுற ஒரு பாறைய டெலஸ்கோப்ல பாத்து ஸ்கேல் ஓரமா பென்சில்ல மெல்லிசா ஒரு கோடு இழுப்பாங்க. அந்தப் பாறை அந்தக் கோட்டுல எங்கயோ இருக்கு, எங்கன்னு இன்னும் தெரியாது. அப்புறம் கழுதை மேல எல்லாத்தையும் கட்டிட்டு அடுத்த உச்சிக்கு போய், அதே பாறைய மறுபடி பாத்து இன்னொரு கோடு. ரெண்டு கோடும் வெட்டிக்கிற எடம் தான் பாறை. மூணாவது உச்சிலேருந்து இழுத்த கோடும் அதே புள்ளில வந்து விழுந்தா சரியா இருக்குன்னு அர்த்தம்.

டெலஸ்கோப்ப மேலயோ கீழயோ சாய்ச்ச கோணமும் தூரமும் தெரிஞ்சா உயரம் கணக்கு போட்டுடலாம். கிட்டத்துல இருக்குற இடத்துக்கு ஒரு ஆள் அளவு போட்ட நீளமான கட்டைய பிடிச்சுட்டு நிப்பார், கட்டைல எத்தன கோடு டெலஸ்கோப்புக்குள்ள தெரியுதுன்னு பாத்தே தூரம் சொல்லிடலாம். இதுல முக்கியமான விஷயம், மேப்ப அந்த எடத்துலயே நின்னு, அந்த மலைய பாத்துட்டே வரைஞ்சாங்க, ஆபீஸ்க்கு வந்து யோசிச்சு வரையல. அதனால தான் நல்ல டோபோகிராஃபர் வரைஞ்ச ஷீட்டுல மலை மலை மாதிரியே இருக்கும்.

அப்போ இந்த கான்டூர் கோடு எல்லாமே அளந்து போட்டதா?

இல்ல! இத தான் நான் எல்லார்கிட்டயும் முதல்ல சொல்றது. மேல சொன்ன மாதிரி அளந்தது சில புள்ளிங்கள மட்டும் தான். உச்சி, கணவாய், ஓடை சேர்ற எடம், வீடு. அதுக்கு நடுவுல வர்ற கோடு எல்லாம் அந்த ஆள் மலைய பாத்து கையால வரைஞ்சது. 1880கள், 90கள்ல வந்த 1:250,000, 1:125,000 ஷீட்டுங்கள்ல (1:125,000ன்னா பேப்பர்ல 1 மில்லிமீட்டர் தரைல 125 மீட்டர்) கான்டூர் இடைவெளி, அதாவது பக்கத்து பக்கத்து கோட்டுக்கு நடுவுல இருக்குற உயர வித்தியாசம், 100 அடி, சில இடத்துல 200, 250 அடி கூட இருக்கும். 100 அடி இடைவெளின்னா 80 அடி செங்குத்துப் பாறை கூட ரெண்டு கோட்டுக்கு நடுவுல அடையாளமே இல்லாம ஒளிஞ்சுக்கலாம். 1:125,000 ஷீட்டுல அரை மில்லிமீட்டர் பேனா கோடே தரைல 60 மீட்டருக்கு மேல, அதுல போய் எந்தக் கோடு கரெக்ட்னு சண்ட போடுறதுல அர்த்தம் இல்ல.

நான் சேர்ந்த முதல் வருஷம் இது தெரியாம ஒரு 1890கள் ஷீட்ட புது ஷீட்டோட ஒரே லேயர்ல சேத்துட்டேன், ரெண்டையும் வெச்சு மண் அரிப்பு கணக்கு பாத்தவங்களுக்கு ஒரு மலைச்சரிவே காணாம போன மாதிரி ரிசல்ட் வந்தது. மலை எங்கயும் போகல, பழைய ஷீட்டுல அந்தச் சரிவு கண் மதிப்புல வரைஞ்சது, அவ்ளோ தான். அதுக்கப்புறம் எந்த ஷீட் வந்தாலும் ஸ்கேல், கான்டூர் இடைவெளி, சர்வே வருஷம் மூணையும் பாக்காம நான் மவுஸ தொடறதில்ல.

கிராண்ட் கேன்யன் ஷீட்டுல விஷ்ணு, சிவான்னு பேர் இருக்கே, யாராவது விளையாடிட்டாங்களா?

நெஜ பேர் தான்பா. விஷ்ணு டெம்பிள், சிவா டெம்பிள்னு ரெண்டு பெரிய பாறை மலைங்க. பேர் வெச்சது கிளாரன்ஸ் டட்டன், ராணுவ அதிகாரி, பவலோட வேலை செஞ்ச ஜியாலஜிஸ்ட், 1880கள் தொடக்கத்துல. அடுக்கடுக்கா மேல போகப் போக சிறுத்துட்டே போற அந்தப் பாறைங்கள பாத்தா கோயில் கோபுரம் மாதிரி தான் இருக்கும், நம்ம ஊர் ஆளுங்களுக்கு போட்டோவ பாத்ததுமே புரிஞ்சிடும்.

அந்த ஷீட்டோட கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1902ல ஃபிரான்ஸுவா மத்தேஸ்னு ஒரு டோபோகிராஃபர் அங்க வேலைய ஆரம்பிச்சார், ஸ்கேல் 1:48,000, கான்டூர் 50 அடி, அந்தக் காலத்துக்கு ரொம்ப நுணுக்கம். தெற்குப் பக்கம் முடிஞ்சதும் வடக்குப் பக்கம் போகணும், நடுவுல கொலராடோ நதி, பாலம் கெடையாது. மனுஷங்களும் சாமானும் படகுல, கழுதைங்க குதிரைங்க நீச்சல்ல. திரும்பி வரும்போது பிரைட் ஏஞ்சல் பள்ளத்தாக்கு வழியா, ஒழுங்கான பாதையே இல்லாத எடத்துல மிருகங்கள இறக்கி கொண்டு வந்தாங்க. இன்னைக்கு ஆயிரக்கணக்கான பேர் நடக்குற வடக்கு கைபாப் பாதை அந்தப் பள்ளத்தாக்கு வழியா தான் போகுது. அந்த ஷீட்டுல நீ ஒவ்வொரு கோடும் ட்ரேஸ் பண்ணும்போது இத நெனச்சுட்டு பண்ணு.

ராஞ்ச் ஏரியா ஷீட்டுல எங்க பாத்தாலும் ‘டேங்க்’னு இருக்கு, வாட்டர் டேங்க் பாயிண்ட்டா போடவா?

போடாத. இந்தத் தப்ப எல்லா பேட்ச்லயும் ஒருத்தர் பண்றாங்க. நம்ம பசங்களுக்கு டேங்க்னா மொட்டை மாடில இருக்குற கருப்பு சின்டெக்ஸ் தான் மனசுல வருது. அமெரிக்காவோட தென்மேற்குல டேங்க்னா மாடு தண்ணி குடிக்க ஓடைக்கு குறுக்க மண் கரை போட்டு வெட்டுன குட்டை. அதாவது நம்ம பொதுப்பணித்துறை பழைய ரெக்கார்டுல ஏரிய டேங்க்னு எழுதுவாங்களே, நுங்கம்பாக்கத்துல இன்னும் டேங்க் பண்ட் ரோடுன்னு இருக்கே, அந்த டேங்க். மேப்புல சின்ன நீல வடிவமா இருந்தா குட்டை, அத பாலிகானா, அதாவது மூடின வடிவமா போடணும். பக்கத்துல காத்தாடி சின்னம் இருந்தா அது விண்ட்மில், போர்வெல்லேருந்து காத்துல தண்ணி இறைக்குறது, அது தனி பாயிண்ட்.

நீலக் கோடு நடுநடுவுல புள்ளி வெச்சு விட்டு விட்டு போனா வருஷம் முழுக்க தண்ணி ஓடாத ஓடைன்னு அர்த்தம். அந்தப் பக்கம் முக்கால்வாசி ஓடை அப்படித் தான். தண்ணி இருக்குற எடம் அங்க அவ்ளோ முக்கியம், அதனால தான் ஒரு சின்ன ஊத்தக் கூட பேரோட குறிச்சாங்க. பேர தப்பா டைப் பண்ணிடாதீங்க, சில ஊத்துக்கு இருக்குற ஒரே ரெக்கார்டு இந்த ஷீட் தான்.

பேர்ல எல்லாம் அப்பாஸ்ட்ரஃபி மிஸ் ஆகுதே, சேத்துடவா?

சேக்காத. 1890ல அமெரிக்கால இடப்பெயர் வாரியம்னு ஒண்ணு வெச்சாங்க, ஆரம்பத்துலேருந்தே அவங்க இடப்பெயர்ல உடைமைய காட்டுற அந்தக் குறிய எடுத்துடுறாங்க, விதிவிலக்கு ரொம்ப சொற்பம். கொலராடோல இருக்குற பைக்ஸ் பீக் மலை பேர்ல கூட கிடையாது. ஷீட்டுல எப்படி இருக்கோ அப்படியே அடி.

சதுரம் சதுரமா கோடு போகுதே, அது லாட்டிட்யூட் லாங்கிட்யூடா?

இல்ல, அது நில அளவை கட்டம். 1785லேருந்து அமெரிக்கா தன் அரசு நிலத்த 6 மைலுக்கு 6 மைல் டவுன்ஷிப்பா பிரிச்சது, ஒவ்வொண்ணுலயும் 36 செக்‌ஷன், ஒரு செக்‌ஷன் 1 சதுர மைல், 640 ஏக்கர். ராஞ்ச்காரங்க நிலம், காட்டு எல்லை எல்லாமே இந்தக் கணக்குல தான். மேப் போட்டவங்க வேற, இந்தக் கட்டம் அளந்தவங்க வேற ஆபீஸ், இத மனசுல வெச்சுக்கோ.

கட்டம் ஏன் கோணல்மாணலா இருக்குன்னு தான் அடுத்து கேப்பீங்க. சமவெளில நேரா போன அளவுச் சங்கிலி மலைல போகாது. அதோட கட்டம் அளக்குற வேலை கான்ட்ராக்ட்ல போச்சு, மைலுக்கு இவ்ளோன்னு காசு, அதனால சிலர் மலைக்கு போகாமயே போன மாதிரி நோட்டு எழுதி காசு வாங்குனாங்க. 1880கள்ல கலிஃபோர்னியால இதுக்குன்னே ஒரு பெரிய கூட்டம் மாட்டுச்சு. டோபோகிராஃபர் அங்க போய் மூலைக்கல்ல தேடினா கல்லே இருக்காது. அதனால மலைக்குள்ள கட்டம் திடீர்னு நின்னு போனா ஸ்கேன் தப்புன்னு நெனச்சு நீயா நீட்டி வரையாத, அங்க அளக்கவே இல்ல.

ஒரே ஷீட்டுல மூணு வருஷம் போட்டிருக்கு, எத எடுக்கணும்?

உதாரணத்துக்கு சர்வே 1886, பதிப்பு 1892, மறு அச்சு 1912னு வெச்சுக்கோ. தரை எந்த வருஷம் அப்படி இருந்துச்சுன்னா 1886. மறு அச்சுங்கறது மறுபடி பேப்பர்ல அடிச்சது மட்டும் தான். 1912ல இங்க ரோடே இல்லன்னு ஒருத்தர் இந்த ஷீட்ட காட்டி சொன்னா அது தப்பு, 1886ல இல்ல, அவ்ளோ தான் சொல்ல முடியும். டேட்டாபேஸ்ல மூணுக்கும் தனித்தனி ஃபீல்டு வெச்சு நிரப்புங்க.

பச்சை இல்லாத எடத்துல காடு இல்லன்னு எடுத்துக்கலாமா?

ஷீட்டோட வயசப் பொறுத்து. ஆரம்ப காலத்துல செப்புத் தகடுல செதுக்கி மூணே கலர்ல அச்சடிச்சாங்க. ரோடு, வீடு, பேர் எல்லாம் கருப்பு, தண்ணி நீலம், கான்டூர் பழுப்பு. பெரும்பாலான பழைய ஷீட்டுல பச்சையே கெடையாது, அடர்ந்த காடா இருந்தாலும் வெள்ளையா தான் இருக்கும். பச்சை இருக்குற பிற்கால ஷீட்டுலயும் அது மரத்தோட வகைய சொல்லாது, ஆள் உயரத்துக்கு மேல மரமோ புதரோ அடர்த்தியா இருக்குன்னு மட்டும் தான் அர்த்தம்.

ஊதா கலர் பாத்தா உஷாரா இரு. ஏரியல் போட்டோவ மட்டும் பாத்து பின்னாடி சேத்த விஷயம் அது, பெரும்பாலும் யாரும் நேர்ல போய் செக் பண்ணல. புது ரோடு ஊதால இருக்கும், ஆனா அத சுத்தி இருக்குற கான்டூர் பழசாவே இருக்கும்.

ஏரியல் போட்டோ வந்தப்புறம் போட்ட ஷீட்டுல கான்டூர் எல்லாம் பக்காவா இருக்கும்ல?

வெட்ட வெளில ஆமா. 1930கள்லேருந்து ஒரு போட்டோல வர்ற தரைல பாதிக்கு மேல அடுத்த போட்டோலயும் வர்ற மாதிரி எடுத்து, ரெண்டையும் கருவில வெச்சு பாத்தா தரை முப்பரிமாணத்துல எழும்பி நிக்கும், அத பாத்து கோடு இழுப்பாங்க. அப்படி வந்தது தான் 1:24,000, அதாவது 7.5 நிமிஷ ஷீட்டுங்க (ஒரு பக்கம் ஒரு டிகிரில எட்டுல ஒரு பங்கு), 1 அங்குலம் 2,000 அடி. அலாஸ்கா தவிர நாடு முழுக்க 50,000க்கு மேல ஷீட், 1992ல தான் முடிஞ்சது. தர விதிப்படி தெளிவா தெரியுற புள்ளிகள்ல 90 சதவீதம் 40 அடிக்குள்ள சரியா இருக்கணும், உயரம் கான்டூர் இடைவெளில பாதிக்குள்ள.

ஆனா காட்டுல போட்டோல தெரியுறது மர உச்சி, தரை இல்ல. கருவில உக்காந்தவர் மர உயரத்த கழிச்சு உத்தேசமா கோட்ட இறக்கணும். முன்னாடி அளந்தது எது, கண் மதிப்பு எதுன்னு சொன்னேன்ல, அந்தக் கேள்வி இங்கயும் போகல. அடர்ந்த காட்டுக்குள்ள இருக்குற சின்ன ஓடை எல்லாம் இப்போ லேசர்ல தரைய அளக்குற லைடார் வந்தப்புறம் தான் சரியான எடத்துக்கு வருது.

மலை உயரம் பழைய ஷீட்டுல ஒண்ணு, புதுசுல ஒண்ணு, எது ரைட்டு?

ரெண்டும் அதோட கணக்குல ரைட்டு. உயரம் எதுலேருந்து அளக்குறோம்ங்கற அடிப்படையே மாறுச்சு, 1929ல ஒரு அடிப்படை, 1988ல இன்னொண்ணு. கொலராடோல பைக்ஸ் பீக் 14,110 அடியா இருந்தது 14,115 ஆனது இதனால தான், மலை வளரல. இன்னும் பழைய ஷீட்டுல 1929க்கும் முந்தின அடிப்படை இருக்கும்.

1896ல வந்த சட்டம் ஒவ்வொரு டவுன்ஷிப்லயும் குறைஞ்சது ரெண்டு நிரந்தர பெஞ்ச்மார்க், அதாவது உயரம் அளந்து குறிச்ச அடையாளம் வெக்கணும், காடும் மலையுமான இடத்துல ஒண்ணாவது வெக்கணும்னு சொல்லுச்சு. பாறைல பதிச்ச அந்த வட்டத் தகட்டுல உயரத்த அடிச்சு வெச்சிருப்பாங்க, அந்த நம்பர் அடிச்ச காலத்து கணக்கு. தகட்ட போட்டோ எடுத்து அனுப்பி மேப் தப்புன்னு யாராவது சொன்னா பதறாத.

ஜியோரெஃபரன்ஸ் பண்ணா எல்லாமே ஒரே பக்கமா 80 மீட்டர் தள்ளி உக்காருது, என்னக்கா பண்றது?

எல்லாம் ஒரே அளவு, ஒரே பக்கம் தள்ளி இருந்தா அது சர்வே தப்பு இல்ல, டேட்டம், அதாவது லாட்டிட்யூட் லாங்கிட்யூட எதுலேருந்து அளக்குறோம்ங்கற அடிப்படை, தப்பா கொடுத்திருக்க. 1980கள் வரைக்கும் வந்த ஷீட்டுங்க பெரும்பாலும் நாட் 27, அதாவது 1927 டேட்டம், அத நாட் 83, அதாவது 1983 டேட்டம்னு கொடுத்தா மேற்கு மாநிலங்கள்ல சுமாரா 60லேருந்து 100 மீட்டர் வரைக்கும் தள்ளும், மீட்டர்ல கணக்கு வெக்குற யுடிஎம் கட்டத்துல வடக்கு தெற்கா 200 மீட்டர் வரைக்கும் கூட. மூலைல இருக்குற லாட்டிட்யூட் லாங்கிட்யூட் புள்ளிங்கள வெச்சு, ஷீட்டோட சொந்த டேட்டத்துல உக்கார வெச்சுட்டு அப்புறம் மாத்து. 1927க்கு முந்தின ஷீட்டுனா மூலைய மட்டும் நம்பாம மாறாத எடம் நாலஞ்சு எடு, மலை உச்சி, ரெண்டு பாறை ஓடை சேர்ற எடம் மாதிரி. ஆத்து வளைவ எடுக்காத, அது நகரும். அங்கங்க வேற வேற பக்கம் தள்ளி இருந்தா அது தான் நெஜ சர்வே பிழை, அத ரப்பர் மாதிரி இழுத்து மறைக்காம அப்படியே விட்டு நோட் எழுது.

பழைய ஷீட்டுல ராஞ்சுக்குள்ள பாதை இருக்கு, அத காட்டி அது பொதுப் பாதைன்னு சொல்ல முடியுமா? கிளையன்ட் கேக்குறார்.

அந்த வருஷம் அங்க ஒரு பாதை கண்ணுக்கு தெரிஞ்சதுன்னு மட்டும் தான் ஷீட் சொல்லும். யாரோடது, யாரு போகலாம்னு டோபோகிராஃபர் கேட்டு எழுதல, அது அவர் வேலையும் இல்ல. அதே மாதிரி வேலிக் கோடு நில எல்லை இல்ல, நில எல்லைக்கு கட்டம் அளந்த நோட்டும் பத்திரமும் தான். கோர்ட்டுல பழைய ஷீட்ட துணை ஆதாரமா வெக்கலாம், ஆனா அத வெச்சு முடிவு நம்ம சொல்லக்கூடாது, வக்கீல் சொல்லட்டும்.

பழசுல இருந்த விண்ட்மில், வேலி, ஊத்து எல்லாம் புது ஷீட்டுல காணோமே, இடிச்சுட்டாங்களா?

அப்படி எடுத்துக்காத. 2009லேருந்து வர்ற யுஎஸ் டோபோ ஷீட் கம்ப்யூட்டர்ல இருக்குற டேட்டாபேஸ்லேருந்து தானா உருவாகுது, டேட்டாபேஸ்ல இல்லாதது ஷீட்டுல வராது. நடந்து போய் பாத்து குறிச்ச சின்ன விஷயங்க நிறைய அதுல ஏறவே இல்ல. எனக்கு இதுல உண்மையிலயே வருத்தம் உண்டு. அந்தக் குட்டை இன்னைக்கும் அங்க இருக்கலாம், மாடு தண்ணி குடிச்சுட்டு இருக்கலாம். அதனால இல்லன்னு எழுதாத, புது ஷீட்டுல காட்டலன்னு எழுது, சாட்டிலைட் படத்த ஒரு தடவ பாத்துடு.

வீட்டுல ப்ராக்டிஸ் பண்ண இந்த ஷீட்டுங்க எங்க கெடைக்கும், காசு கட்டணுமா?

ஃப்ரீ. 1884லேருந்து 2006 வரைக்கும் அச்சான ஷீட்டுங்கள யுஎஸ்ஜிஎஸ் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கு, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல. டோபோவியூன்னு தேடுனா வரும், எடத்த க்ளிக் பண்ணா அந்த எடத்துக்கு வந்த எல்லா வருஷ ஷீட்டும் வரிசையா நிக்கும். அமெரிக்க அரசாங்க வேலைங்கறதால காபிரைட் தொல்லை இல்ல. ஜியோடிஃப்ங்கற ஃபைல எடுத்தா கியூஜிஐஎஸ்ங்கற இலவச மேப் சாஃப்ட்வேர்ல நேரா திறந்துக்கும்.

ஆரம்பிக்க பிரைட் ஏஞ்சல் ஷீட்ட எடுங்க, மத்தேஸ் போட்டது. பக்கத்துலயே அதே எடத்தோட 7.5 நிமிஷ ஷீட்ட திறந்து, பழசுல சிவா டெம்பிள் உச்சிய சுத்தி போற கோட்ட புதுசோட மேல வெச்சு பாருங்க. எங்க ஒட்டுது, எங்க விலகுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டு திங்கக்கிழம என் சீட்டுக்கு வாங்க.